கெஜட் படிக்கும் வேலை பிறந்த கதை

2021 டிசம்பர் 31. மறுநாள் விடிந்தால் துணிக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காடு என்பதுதான் அன்று காலைவரை சட்டம். செப்டம்பர் 17-இல் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் முடிவெடுத்தது. நவம்பர் 18-இல் அறிவிக்கை வெளிவந்தது. ஜனவரி 1 முதல் அமல். கடைசி நாளில் மன்றம் அவசரமாகக் கூடித் துணியை மட்டும் பழைய 5-லேயே நிறுத்தி வைத்தது. செருப்புக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அது 12-க்குப் போயே விட்டது.

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவே இருக்கும் பெரணமல்லூரில் இதன் கணக்கு எளிது. பத்தாயிரம் ரூபாய்ப் பட்டுச் சேலைக்கு வரி 500-லிருந்து 1,200 ஆகியிருக்கும். அந்த 700 ரூபாயை வாங்குபவர் தலையில் வைத்தால் சேலை போகாது. கடைக்காரர் தன் லாபத்தில் கழித்துக்கொள்ள மாட்டார். தறி முதலாளியும் பாவு, ஜரிகை விலையைக் குறைக்க முடியாது. எஞ்சுவது கூலி ஒன்றுதான். ஆக, லக்னோவில் எழுதிய ஒரு வரி பெரணமல்லூர்க் குழித்தறிக்கு வந்து சேர மூன்றரை மாதம் இருந்தது. அதற்குள் யாரோ அதைப் படித்தார்கள், பொருள் சொன்னார்கள், சூரத்திலும் ஈரோட்டிலும் கூட்டம் போட்டார்கள். தமிழ்நாடு, குஜராத், மேற்கு வங்கம் என்று மாநிலங்கள் மன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தன.

படித்துப் பொருள் சொல்லும் அந்த வேலைக்கு இன்று பெரிய நகரங்களில் சம்பளம் உண்டு, அலுவலகம் உண்டு. சட்டமன்றத்தில் என்ன மசோதா வருகிறது, எந்த அரசாணை எந்தத் தொழிலைத் தொடுகிறது என்று நாள்தோறும் பார்த்துச் சொல்வதே அங்கே பிழைப்பு. இந்த வேலை பிறந்த கதையில் பெரும்பங்கு சென்னையில் நடந்தது. அதன் முதல் பக்கங்களில் தறி வருகிறது என்பதால்தான் பெரணமல்லூரிலிருந்து அதைச் சொல்லத் தோன்றுகிறது.

தறிக்கு வரி போடுவது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. தறியிறை என்ற சொல் பழைய கல்வெட்டுகளிலேயே உண்டு. 1429-இல் கொறுக்கை முதலான ஊர்களில் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிக்கட்சியாரும் பகையை மறந்து ஒன்றுகூடி, இனி இன்னின்னதற்கு இவ்வளவுதான் தருவோம் என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். வரி விவரம் யார் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் தறிவரி வேறு பெயரில் வந்தது: மோதுர்பா. தறி, செக்கு, கடை, கொல்லுப்பட்டறை என்று நிலத்தைச் சாராத தொழில் எல்லாவற்றுக்கும் போட்ட வரி. ஊருக்கு ஊர் விகிதம் வேறு. தாசில்தார் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர் சொன்னதுதான் கணக்கு. நெசவாளி தறிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அந்தத் தறியில் வேலை நடந்ததா, பாவு கிடைத்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இந்தக் காலத்தில்தான் சென்னையில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. 1832-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட் வெளிவரத் தொடங்கியது. அரசு செய்யப்போவதை, செய்ததை அச்சில் சொல்லும் இதழ். நான்கு ஆண்டு கழித்து, 1836 செப்டம்பர் 29-இல், பின்னி நிறுவனத்தில் பதினெட்டுப் பேர் கூடி மெட்ராஸ் வர்த்தக சபையைத் தொடங்கினார்கள். ஆர்பத்நாட் அதன் முதல் தலைவர். அச்சில் ஓர் அரசிதழ், அதைப் படிக்கக் காரணமுள்ள ஒரு கூட்டம்: வேலைக்கு வேண்டிய இரண்டும் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் கவர்னர் மாளிகை விருந்துகளில் இடம் இருந்தது. சட்டம் அச்சாகும் முன்பே செய்தி காதில் விழும் ஆட்களுக்குக் கெஜட்டைத் துருவிப் படிக்க வேண்டிய அவசரம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த அவசரம் வேறொருவருக்கு இருந்தது. காஜுல லட்சுமிநரசு செட்டி, அவுரி வியாபாரக் குடும்பத்தில் வந்தவர். தன் காசைப் போட்டு 1844-இல் ‘கிரெசன்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார். பத்திரிகை வரப்போகிறது என்று கோட்டை கெஜட்டில் விளம்பரம் போடக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். கெஜட் யாருடைய கையில் இருக்கிறது என்பதை அவர் முதல் நாளிலேயே தெரிந்துகொண்டார். அடுத்த சில ஆண்டுகளில், மதம் மாறியவருக்குப் பூர்விகச் சொத்தில் உரிமை தொடரும் என்ற வரைவுச் சட்டம் வந்தபோது, அது சட்டமாகும் முன்பே படித்து, சென்னையில் கூட்டம் கூட்டி, மறுப்பு அனுப்பியவர்களின் முன்வரிசையில் அவர் இருந்தார். அந்த மறுப்பின் நியாயம் இன்றைக்கு நமக்கு ஒப்பாது. கூட்டுக் குடும்பச் சொத்தே வியாபார முதலாக இருந்தவர்களுக்கு அது பணப்பெட்டிச் சமாசாரமும்கூட என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். நமக்கு இங்கே வேண்டியது வழிமுறை. வரைவிலேயே பிடிப்பது, ஆளைத் திரட்டுவது, எழுதி அனுப்புவது. இன்று வர்த்தக சபைகள் செய்வதும் இதே மூன்றைத்தான்.

1852-இல் அவர் சென்னை நேட்டிவ் அசோசியேஷனைத் தொடங்கினார். மறு ஆண்டு கும்பினியின் சாசனம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதற்குள் லண்டன் பாராளுமன்றத்தின் முன் மனு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். காலம் பார்த்து அடிப்பது இந்த வேலையில் பாதி. அந்த மனுவில் நிலவரி, உப்பு, சித்திரவதை எல்லாவற்றோடும் மோதுர்பாவும் இருக்கிறது. நெசவாளி, தச்சர், உலோக வேலை செய்வோர், தெருவோரம் விற்பவர் வரை யாரையும் விடாத வரி என்றும், சிலருக்குத் தொழிற்கருவியின் விலையைப்போல ஆறு மடங்கு வரியாகப் போகிறது என்றும் அது முறையிட்டது. 1853-இல் டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் நேரில் பார்க்கச் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு செட்டி அவரை மாவட்டங்களுக்கு அழைத்துப் போனார். 1855-இல் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. மோதுர்பா 1860-களின் தொடக்கத்தில், வருமான வரி வந்ததை ஒட்டி, ஒழிந்தது. மனு போட்டதால்தான் ஒழிந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அரசுக்கும் அந்த வரி தொல்லையாகிவிட்டிருந்தது.

லட்சுமிநரசு செட்டி பின்னாளில் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். 1868-இல் இறந்தபோது கையில் பணம் இல்லை. ஊருக்காகச் சட்டம் பார்த்தவருக்குக் கூலி தர அன்று யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

அவருக்குப் பிறகு நெடுங்காலம் இந்தக் கதை வேறு தடத்தில் ஓடுகிறது. வெளியே நின்று படிப்பதற்குப் பதில் உள்ளே நாற்காலி வாங்கிவிட்டார்கள். 1892 சட்டத்துக்குப் பின் மெட்ராஸ் வர்த்தக சபை சொல்லும் ஆள் சட்டசபைக்குப் போனார். 1909-இல் அது தேர்தல் உரிமையாயிற்று. அதே 1909-இல் இந்திய வியாபாரிகள் தனியே தென்னிந்திய வர்த்தக சபையைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார். தேவாங்கர் குலத்தில் பிறந்தவர். கயிற்றை இழுத்தால் நாடா ஓடும் தறிகளைச் சென்னையில் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். சொந்தமாக நெசவுக்கூடம் நடத்தியவர். 1920 தேர்தலுக்குப் பின் முதலமைச்சர் பதவி வாசல்வரை வந்தும் வேண்டாம் என்றவர்.

1919 சீர்திருத்தத்தின்படி வந்த சென்னைச் சட்டசபையில் வணிகத்துக்கென்றே ஆறு இடங்கள்: மெட்ராஸ் வர்த்தக சபைக்கு இரண்டு, தென்னிந்திய வர்த்தக சபை, சில்லறை வியாபாரம் நடத்திய வெள்ளையர்களின் சங்கம், தோட்ட முதலாளிகள், நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. 1935 சட்டம் சென்னைச் சட்டசபையை 215 இடங்களாக்கியபோதும் வணிகம், தொழிலுக்கு ஆறு இடங்கள் தொடர்ந்தன. ஜமீன்தார்களுக்கும் ஆறு, தொழிலாளருக்கும் ஆறு. மாகாணத்தில் விவசாயத்துக்கு அடுத்தபடி அதிகம் பேருக்குச் சோறு போட்டது கைத்தறி. அதற்கென்று ஓர் இடம்கூட இல்லை. ஆலைத் தொழிலாளி சங்கமாகி ஆளை அனுப்ப முடிந்தது. வீட்டுக்குள் பெண்டாட்டி நூல் சுற்ற, பிள்ளை பக்கத்தில் உட்கார, பள்ளத்தில் கால் வைத்து நெய்பவர் எந்தப் பட்டியலிலும் சேரவில்லை. தொழிலாளி என்றால் முதலாளி யார் என்று கேட்டார்கள். முதலாளி என்றால் முதல் எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

இனி வருவதுதான் கதையின் கனமான பகுதி.

1937-இல் ராஜாஜி முதலமைச்சரானார். அந்த அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கு. பிறகு சித்தூர், கடப்பை. 1939-இல் எங்கள் வட ஆற்காடு. கள்ளுக்கடை மூடினால் கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க ராஜாஜி கொண்டுவந்தது 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். பெட்ரோல்போலத் தனித்தனிப் பொருளுக்கு விற்பனை வரி அதற்கு முன்பே இந்தியாவில் உண்டு. பொதுவாக எல்லாச் சரக்கின் விற்பனைக்கும் வரி என்பது இந்தியாவில் அதுவே முதல்முறை. ஆண்டு விற்பனை பத்தாயிரத்துக்குள் இருந்தால் ஒன்றுமில்லை. பத்திலிருந்து இருபதாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேல் அரை விழுக்காடு. கேட்டால் சிரிப்பு வரும் விகிதம். ஆனால் ஒரே சரக்கு கை மாறும் ஒவ்வொரு முறையும் அரை அரையாக ஏறும்.

அந்தச் சட்டத்தில் கைத்தறிக்கு விலக்கு இருந்தது. இங்கேதான் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை பிறக்கிறது. விலக்கு கைத்தறித் துணிக்கு என்று மொட்டையாக எழுதப்படவில்லை. கைத்தறித் துணியை மட்டுமே விற்கும் வியாபாரி விற்றால் விலக்கு. அதுவும் உரிமம் எடுத்து, கட்டணம் கட்டி, விதிகளுக்கு உட்பட்டு. கடையில் ஒரு மூலையில் ஆலை மல் நாலு கட்டு வைத்திருந்தால் நீங்கள் ‘மட்டுமே’ விற்பவர் இல்லை. ஆகவே உங்கள் கைத்தறிக்கும் வரி. கைராட்டை நூலில் நெய்த கதருக்கு வேறு பிரிவு, சான்று பெற்றவர் விற்றால் விலக்கு. நெய்தவருக்கு எல்லாம் துணிதான். சட்டத்துக்கு அது எந்த நூல், யார் கடை, பக்கத்து அலமாரியில் என்ன என்பதெல்லாம் கணக்கு. ஊர்க் கடைக்காரர் கெஜட் படித்தே தீர வேண்டும் என்ற நிலை, அல்லது படிக்கத் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலை, அந்த ஒரு நிபந்தனையோடு வந்தது. தாலுகா ஊர்களில் விற்பனை வரிக் கணக்கெழுதும் தொழில் ஒரு பிழைப்பாக நிலைத்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு விசித்திரம். சட்டம் 1939 அக்டோபர் 1-இல் அமலுக்கு வந்தது. போர் பற்றிய தகராறில் ராஜாஜி அமைச்சரவை அதே மாதக் கடைசியில் பதவி விலகிற்று. பிறகு கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கும் கைவிடப்பட்டது. கள்ளுக்குப் பதிலாக வந்த வரி மட்டும், கள் திரும்பி வந்த பிறகும், எழுந்து போகவில்லை. வந்த வரி போகாது என்பதைச் சென்னை மாகாண வியாபாரிகள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கோர்ட்டுக்கும் போனார்கள். சென்னை மாகாணத்துக்கும் பொட்டு பைடன்னா என்ற கடலை எண்ணெய் உற்பத்தியாளருக்கும் நடந்த வழக்கில், செய்தவரே முதலில் விற்பதற்கும் இந்த வரி போடலாம் என்று 1942-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிற்று. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சென்னையைப் பார்த்துச் சட்டம் செய்தன. விற்பனை வரித் தீர்ப்புகளை மட்டும் தொகுத்து வெளியிடும் ‘சேல்ஸ் டாக்ஸ் கேசஸ்’ 1950-இல் தொடங்கியதும் சென்னையிலிருந்துதான். வருமான வரித் தீர்ப்புகளுக்கென 1933-லிருந்தே இதழ் நடத்தி வந்த அதே நிறுவனம் தொடங்கியது. மருந்து விளைந்த இடத்தில்தான் நோயும் முதலில் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த 1950-இல் இன்னொன்றும் நடந்தது. அரசியல் சாசனம் வந்தது. வயது வந்தவர் எல்லோருக்கும் வாக்கு. வர்த்தக சபைகளின் ஆறு நாற்காலியும் போயிற்று. புதிய மேலவையில் பட்டதாரிகளுக்குத் தொகுதி உண்டு, ஆசிரியர்களுக்கு உண்டு, உள்ளாட்சிக்கு உண்டு, வியாபாரிக்கு இல்லை. (அந்த மேலவையும் 1986 நவம்பர் 1-இல் கலைந்தது.) சட்டம் பார்க்கும் வேலை தனித் தொழிலாகப் பிறந்தது இந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன். உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை மசோதாவின் நகல் மேசைக்கு வரும். வெளியே வந்த பிறகு அதைத் தேடிப் போக வேண்டும். அமெரிக்காவில் இது வேறு வாசல் வழியே வந்தது: 1901-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் சார்லஸ் மெக்கார்த்தி என்பவர் உறுப்பினர்களுக்காகச் சட்டக் குறிப்பு நூலகம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். கம்பெனிகளின் ஆட்களிடமே எல்லாத் தகவலும் இருக்கிறது, மக்கள் பிரதிநிதியிடம் ஒன்றும் இல்லை என்பது அவர் கவலை. நம்மூரில் அந்தக் கவலைக்கு அவசியமே எழவில்லை; மசோதா யாரிடமும் முன்கூட்டிப் போகாத ஊர் இது.

வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசிதழில் நான்காம் பகுதியின் முதல் பிரிவு சட்டமுன்வடிவுகளுக்கு, இரண்டாம் பிரிவு ஆளுநரின் ஒப்புதல் பெற்ற சட்டங்களுக்கு. விவரம் தெரிந்தவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. கடைசியில் இருக்கும் நோக்க காரண விளக்கவுரைக்குப் போவார். அரசு வெளிப்படையாகச் சொல்லும் காரணம் அங்கே இருக்கும். பிறகு சொற்பொருள் விளக்கப் பிரிவு; ‘நிறுவனம்’, ‘வணிகர்’ என்ற சொற்களுக்குள் யாரை இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும். பிறகு விலக்கு அட்டவணை. பிறகு அமலுக்கு வரும் நாள். அரசு அறிவிக்கை வழியே குறிப்பிடும் நாளில் என்று இருந்தால் இன்னும் மூச்சு விட இடம் உண்டு. முன்தேதியிட்டு இருந்தால் தொலைந்தது. கடைசியாக, விதி செய்யும் அதிகாரம். சட்டத்தில் வெல்லம்போல இருப்பது விதியில் வேம்பாகலாம். இதற்கெல்லாம் முன்னால், மானியக் கோரிக்கை நாளன்று துறை வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை வரி விடாமல் படித்தால் அடுத்து வரப்போகும் மசோதாவின் வாசனை அடித்துவிடும் என்பார்கள்.

வாசனை பிடிக்க நேரம் கிடைக்காத மசோதாக்களும் உண்டு. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் கொண்டுவந்த திருத்தம், நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி விட்டது. 21-ஆம் தேதி பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. 24-இல் நிறுத்தி வைப்பதாக அரசு சொன்னது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். நிறைவேறிய பத்தே நாளில் அந்தச் சட்டமுன்வடிவு செத்துப்போனது. முதலாளி சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே இரவில் ஒரே தாளைப் படித்த அபூர்வ வாரம் அது. வீட்டுத் தறியில் நெய்பவரைத் தொழிற்சாலைச் சட்டம் தொட்டதே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் அவருக்குச் செய்தியும் இல்லை.

துணிப் பக்கம் இதற்கிடையில் ஒரு நீண்ட தூக்கம் இருந்தது. 1957-இல் மத்திய அரசும் மாநிலங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. துணி, சர்க்கரை, புகையிலை மூன்றுக்கும் மாநிலங்கள் விற்பனை வரி போடுவதில்லை. பதிலாக மத்திய அரசு கூடுதல் கலால் வரி வசூலித்துப் பங்கு தரும்.  1959-இல் சென்னை மாநிலம் விற்பனை வரிச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும், 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறியபோதும் துணிக்கடை பெரும்பாலும் நிழலிலேயே இருந்தது. மளிகைக்காரரும் இரும்புக் கடைக்காரரும் சங்கம் வைத்து, மே 5-ஐ வணிகர் தினமாக்கி, கோட்டையோடு மல்லுக்கட்டிய காலத்தில் ஜவுளிக்காரர் கெஜட்டை மறந்திருந்தார். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது பில் புத்தகமே புதிதாக இருந்த கடைகள் உண்டு. சூரத் ஜவுளிச் சந்தை வாரக்கணக்கில் மூடிக் கிடந்ததற்கு விகிதம் மட்டும் காரணமில்லை. இரண்டு தலைமுறையாகத் தொடாத காகிதத்தைத் தொட வேண்டி வந்த அதிர்ச்சியும்தான்.

தூங்காமல் இருந்தவர்கள் விசைத்தறிப் பக்கம் இருந்தார்கள். 1985-இல் பாராளுமன்றம் கைத்தறிக்கு ரக ஒதுக்கீட்டுச் சட்டம் செய்தது. 1986 ஆணை 22 ரகங்களைக் கைத்தறிக்கே என்று ஒதுக்கியது. கரையும் முந்தியும் உள்ள சேலை அதில் முக்கியம். காகிதத்தில் பெரணமல்லூருக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறில்லை. ஆணை வந்த கையோடு விசைத்தறி உரிமையாளர்கள் கோர்ட்டில் இருந்தார்கள். 1993 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லும்வரை அந்தக் காப்பு பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தது. அதற்குப் பிறகு ரகங்கள் 22-லிருந்து 11 ஆயின. வழக்கில் தோற்ற தரப்பு, அந்த ஏழு ஆண்டில் எத்தனை தறி இறக்கியிருக்கும் என்று யோசித்தால் தோற்றது யார் என்ற சந்தேகம் வரும்.

பெரணமல்லூருக்கு ஒரு காலத்தில் நேரடி வழி இருந்தது. 2006 தேர்தல்வரை இந்த ஊரின் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி. அவையில் ‘பெரணமல்லூர் உறுப்பினர்’ என்று சபாநாயகர் கூப்பிடும் ஓர் ஆள். 2008 தொகுதி மறுவரையறையில் அந்தப் பெயர் போயிற்று. பெயர் இருந்தபோது உறுப்பினர்கள் நான்காம் பகுதி முதல் பிரிவை நெசவாளிக்குப் படித்துக் காட்டினார்களா என்பது வேறு கேள்வி. கேட்பதற்கு ஊரின் பெயரில் ஓர் ஆள் இருந்தார், அவ்வளவே.

இன்றைய ஏற்பாடு இப்படி. அரசிதழ் இணையத்தில் இலவசம். சென்னையிலும் கோவையிலும் ஆடிட்டர்கள் அன்றைக்கே சுருக்கம் எழுதி வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அது ஆரணி, காஞ்சிபுரம் பட்டு வியாபாரிகளின் குழுக்களுக்கு வருகிறது. அங்கிருந்து தறிக்கு வரும்போது சட்டம் உதிர்ந்துபோய் விலை மட்டும் மிஞ்சுகிறது: ஜரிகை ஏறியிருக்கு, இந்தப் பாவுக்கு இவ்வளவுதான். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்குச் சுற்றறிக்கை வரும், அதுவும் தள்ளுபடி பற்றி அல்லது இலவச மின்சாரம் பற்றி. 2023-இல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்தது 300 ஆயிற்று; விசைத்தறிக்கு 750, 1,000 ஆயிற்று. இது சட்டமே இல்லை, அரசாணை. தறிக்காரரின் வாழ்க்கையைத் தொடுவதில் பெரும்பகுதி இப்படிப் பேரவையில் வாக்கெடுப்புக்கே வராத தாள்கள்தான். மசோதாவை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

ஜரிகையை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி வந்தபோது ஜரிகைக்கு 12 விழுக்காடு. அசல் ஜரிகையை 2017 அக்டோபரிலேயே 5-க்கு இறக்கினார்கள். சாதாரணச் சேலையில் போகும் போலி ஜரிகை 12-லேயே நின்றது. 2023 ஜூலை 11-இல் கூடிய ஐம்பதாவது மன்றம், வியாபாரத்தில் எந்தப் பெயரில் வழங்கினாலும் போலி ஜரிகை எல்லாவற்றுக்கும் 5 என்றது. சூரத்தில் ஒரு பெயர், ஆரணியில் ஒரு பெயர் என்று விற்கும் சரக்கு. ஒவ்வொரு பெயருக்கும் அதிகாரி ஒரு விகிதம் சொல்ல இடம் இல்லாமல் செய்த வாசகம் அது. 1939-இன் ‘மட்டுமே’ கடைக்காரரின் காலில் எதிர்பாராமல் விழுந்த பூட்டு. 2023-இன் வாசகத்தையோ, சந்தையை நன்றாகத் தெரிந்த யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்.

அதன் பலன் யாருக்குப் போனது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பதிவு பெற்ற பெரிய வியாபாரிக்கு 12 ஆனாலும் 5 ஆனாலும், ஜரிகைக்குக் கட்டிய வரியைச் சேலை வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருப்பதால் பதிவே இல்லாமல், நாலு தறி வைத்துத் தானே ஜரிகை வாங்கித் தானே விற்கும் சிறு முதலாளிக்குக் கழிக்க எதுவும் கிடையாது. கட்டிய வரி முழுக்க அவர் செலவு. நூறு ரூபாய் ஜரிகைக்கு ஏழு ரூபாய் உண்மையாகவே மிச்சமானது அவருக்குத்தான். கூலிக்கு நெய்பவருக்கு ஜரிகையை முதலாளி எடை போட்டுக் கொடுக்கிறார், சேலையை எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். 12-ம் 5-ம் அவர் கூலியில் எந்தப் பக்கமும் இல்லை.